மலைப்பாம்பு வந்த வீடு

மலைப்பாம்பைத் தெய்வமாகக் கும்பிடும் உய்தா ஊரில், கோயிலை விட்டு இரை தேடிக் கிளம்பும் மலைப்பாம்பு யார் வீட்டுக்குள் நுழைகிறதோ, அந்த வீட்டுக்காரிக்கு அன்று மகாராணி மரியாதை. அந்த மரியாதை மறுபடியும் பக்கத்து வீட்டு ஆயாபாவுக்கே கிடைத்ததில் அஜோவிக்கு வயிறு எரிந்தது.

பூசாரி வந்து பாம்பை எடுத்துப் போகும்வரை ஆயாபா முற்றத்திலேயே கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர், உடம்பெல்லாம் நடுக்கம்.

"என்னா பக்தி பாரு!" என்று தெருவே உருகியது.

"பக்தியா? எல்லாம் நடிப்பு!" என்று அஜோவி கணவனிடம் பொருமினாள். "நானுந்தான் தினம் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வச்சிருக்கேன். இந்தப் பக்கம் எட்டிப் பாக்குதா?"

மறுவாரம் அவள் கண்விழித்தபோது, ஜன்னலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது மலைப்பாம்பு!

அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. பூசாரி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அட, ஆயாபா வீட்டுக்கு வழக்கமா வர்றவராச்சே!"

"இப்ப என் வீடு பிடிச்சுப் போச்சு சாமி" என்று ஆயாபாவைப் பார்த்துக்கொண்டே எல்லோருக்கும் பனைச்சாராயம் ஊற்றினாள் அஜோவி.

கூட்டம் கலைந்ததும் ஆயாபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மன்னிச்சுக்கக்கா. ராத்திரி மறுபடியும் என் வீட்டுக்குள்ள வந்ததைக் கூடைக்குள்ள தள்ளிக் கொண்டாந்து உன் ஜன்னல் வழியாக் கொட்டினது நான்தான். பாம்பைக் கண்டாலே எனக்கு உயிர் போயிடும். இந்த ஊர்ல அதை வெளிய சொல்ல முடியுமா?"

அஜோவி, யார் காதிலாவது விழுந்ததா என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. இனிமே அந்த ஜன்னலை நான் சாத்தவே மாட்டேன்."