பத்தாம் நம்பர் சட்டை

கேப்டனைக் காட்டிக்கொடுத்தவன் லிண்டானிதான் என்பதில் பள்ளியில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பார்த்தவர்களே ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ரக்பி. வருஷா வருஷம் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பாதி ஊர் திரண்டு வரும் ஆட்டம். இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் ஒருவன் கணுக்கால் பிசகி விழ, ஆட்டம் நின்றது. கேப்டன் கீகன் தண்ணீர் குடிக்கக் கோட்டோரம் வந்தான். பாட்டிலோடு ஓடி வந்த ரிசர்வ் ஆட்டக்காரன் லிண்டானி, அங்கே நின்றிருந்த பள்ளி டாக்டர் மூட்லியின் காதில் ஏதோ சொன்னான். அடுத்த நிமிஷம் டாக்டர் கீகனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வெளியே உட்கார வைத்துவிட்டார். அந்த ஆட்டம் தோல்வி.

கீகனுக்கு இதெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும். எவனுடைய முழங்காலோ நெற்றிப்பொட்டில் இடித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாபகம் அம்மாவின் கார். நடுவில் இருந்த அரை மணி நேரம் துடைத்துவிட்ட மாதிரி காலி.

மூன்று வாரம் ஆடவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். சீசனின் கடைசி ஆட்டம் அந்த மூன்று வாரத்துக்குள் வந்தது. மாகாண அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து உட்காரும் ஆட்டம். கீகனின் பத்தாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு அதில் இறங்கியவன் லிண்டானி.

"இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்?" என்றான் கீகனின் நண்பன் ருவான்.

சாப்பாட்டு ஹாலில் லிண்டானி உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னால் ஒருவனுக்கும் காது கேட்கவில்லை. கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்ததே அவன் உதைத்த பெனால்டிதான். அதற்கும் மாணவர் பக்கத்திலிருந்து ஒரு கைதட்டல் வரவில்லை. வேலியோரம் சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்த அப்பாக்கள் மட்டும் தட்டினார்கள்.

ஒரு தடவை கீகனே அவனை வழிமறித்துக் கேட்டான்.

"டாக்டர்கிட்ட சொன்னது நீதானே?"

"ஆமா, நான்தான்," என்றான் லிண்டானி. கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை.

அந்தப் பள்ளியில் முதல் அணிக்காரன் அடிபட்டான் என்பதற்காக மைதானத்தை விட்டு வரமாட்டான். போன வருஷம் ஸ்டெஃபான் என்றொருவன் தோளைப் பிடித்துக்கொண்டு தானாகவே வெளியே வந்தான். எலும்பு முறிந்திருந்தது. இருந்தாலும் பள்ளியை முடித்துப் போகும்வரை அவனுக்குப் பெயர் 'டாட்டா'. வகுப்புக்குள் நுழைந்தால் முப்பது கை ஆடும். அந்தப் பெயரை வைத்தவன் கீகன்.

சீசன் முடிந்ததும் முதல் அணிக்காரர்களுக்குப் பள்ளி தரும் கௌரவக் கோட்டு யார் யாருக்கு என்று கோச் பட்டியல் போட்டார். கேப்டன் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். லிண்டானியின் பெயரை அடிக்க வேண்டும் என்றான் கீகன். வாய்ப்பேச்சை நம்பி அடிக்க முடியாது, டாக்டரிடம் எழுதி வாங்கி வா என்றார் கோச்.

மறுநாளே போனான். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், எல்லாம் சரியாகிவிட்டது, இனி ஆடலாம் என்றார்.

"டாக்டர், ஒரு சின்ன உதவி. அன்னைக்கு உங்ககிட்ட என்னைப் பத்திச் சொன்னது லிண்டானின்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க."

எதற்கு என்று கேட்டார். சொன்னான். சட்டைக்கு ஆசைப்பட்டு கேப்டனையே கவிழ்த்தவனுக்குக் கோட்டு போட்டுவிட்டால் சின்னப் பையன்கள் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று கேட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு இடத்திலும் தடுமாறாமல் பேசினான். வரும் வழியில் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்ட பேச்சு.

டாக்டர் பேனாவை மூடினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்படி எழுத முடியாது கீகன். உன்னைப் பத்தி அவன் எதுவும் சொல்லல."

"அவனே ஒத்துக்கிட்டான் டாக்டர்."

"தெரியும். நானும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான். உன்கிட்ட மட்டும் இப்ப சொல்றேன்." அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தண்ணி குடிக்க வந்தவன் என் கையைப் பிடிச்சுக்கிட்ட. 'தலை சுத்துது, பயமா இருக்கு, என்னை வெளியே கூட்டிட்டுப் போங்க'ன்னு அழுத. அது யார் கண்ணுலயும் படாம லிண்டானிதான் பாட்டிலோட உன்னை மறைச்சு நின்னான். நீ கேட்டதுல ஒரு தப்பும் இல்லப்பா. அந்தத் தலையோட இன்னும் பத்து நிமிஷம் ஆடியிருந்தா, இன்னைக்கு இப்படி நின்னு பேசியிருப்பியான்னு எனக்குத் தெரியாது."

கீகன் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப அவன் உங்க காதுல என்ன சொன்னான்?"

"'நான்தான் போட்டுக்கொடுத்தேன்னு இருக்கட்டும் டாக்டர். என்னைக் கொஞ்ச நாள் திட்டுவாங்க, அவ்வளவுதான். கேப்டனே அழுதுக்கிட்டு வெளியே வந்தான்னு தெரிஞ்சா, இந்தப் பசங்க அவனைக் கடைசிவரைக்கும் விடமாட்டாங்க'ன்னான்."