தையல்காரர் போட்ட குறி

தி.நகர் நாணயக் கடையில் தையல்காரர் அப்துல் சமத் கொதித்துப் போய் நின்றார்.

"போன வாரம் போட்டோ பாத்து இந்த ரெண்டு ரூபா காசுக்கு இருபதாயிரம்னு சொன்னே. இன்னிக்கு உள்ளாற எடுத்துக்கினு போய் வந்ததும் இருநூறா?"

பக்கத்தில் நின்ற மனைவி அஸ்மத்துன்னிசா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பணத்தை நம்பித்தான் அவளுடைய கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"கோவப்படாதீங்க பாய்," என்றார் கடைக்காரர் ஸ்ரீனிவாசராகவன். "அச்சு விலகி, சிங்கம் பாதிதான் விழுந்திருக்கு. அது காசு அடிக்கிற இடத்துலயே நடந்த தப்பு. அதுக்குத்தான் விலை. வெளியில வந்தப்புறம் சேதமானா அதே காசை யாரும் தொட மாட்டாங்க. இங்க பாருங்க..."

"இன்னா கதை வுடறே! என் காசை மாத்திட்டே. குடு இங்க!"

வெடுக்கென்று பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பினார். சிங்கம் விழாத வெற்று இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"என்னுதுதான்! நாப்பது வருசமா என் கடையில ஒரு துணி மாறினதில்ல. எவன் துணி வந்தாலும் குறி போட்டுத்தான் வைப்பேன். நீ மாத்திடுவேன்னுதான் நேத்து ஊசியால இதுலயும் போட்டேன்."

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்களா? அந்தக் கீறலாலதான் பாய் விலையே போச்சு! போட்டோவுல அது இல்லையே!"

அப்துல் சமத் கீறலை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"காசுலயா கீறினீங்க?" என்றாள் அஸ்மத்துன்னிசா. "என் கண்ணுல இல்ல கீறிட்டீங்க!"