யாரும் எடுக்கலாம்

அறையில் இருந்தவர்கள்: கடைக்காரர் செல்வநாயகத்தின் மகள் துவாரகா. போஸ்டர் வரையும் ஷப்ராஸ். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பையன் பிச்சை. வாசலோரப் பிளாஸ்டிக் கதிரையில், மடித்த வெள்ளைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா.

அந்த அம்மா ரிப்பேருக்குக் கொடுத்த லெப்டொப்புக்காகக் காத்திருக்கிறாள் என்று ஷப்ராஸ் நினைத்தான். ஷப்ராஸைத் தேடி வந்தவள் என்று துவாரகா நினைத்தாள். பிச்சை திரையை விட்டுத் தலை தூக்கவே இல்லை.

பதுளை பஜாரில், செல்வநாயகத்தின் இரும்புக்கடைக்கு மேல்மாடி. கணினி ரிப்பேர் வேலையும் அங்கேதான். விடிந்ததிலிருந்து மழை.

தோட்டப் பாடசாலைகளில் தூசி தின்று கிடக்கும் பழைய கணினிகளை எழுப்புவதற்காக, மூவரும் சேர்ந்து ஓர் இயங்குதளம் செய்திருந்தார்கள். முழுக்கத் தமிழில். காசு கிடையாது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். முக்கால்வாசி பிச்சை எழுதியது.

எல்லாம் முடிந்துவிட்டது. பேர் மட்டும் இல்லை.

"ஒரு தடவ கேட்டா சாகுற வரைக்கும் மறக்கக் கூடாது. இல்லாட்டி யாரும் எடுக்க மாட்டாங்க," என்றாள் துவாரகா.

மாகாணத்தின் பேரையே 'ஊவா' என்று வைத்துப் பார்த்தார்கள். மாகாண சபைக் கடிதம் மாதிரி இருந்தது. எதிர்மலையின் பேரைச் சுருக்கிய 'நமுனு' நாக்கில் ஒட்டவில்லை. 'கொழுந்து' என்று வைத்தால் தேயிலைப் பொட்டலம் என்று நினைத்துச் சுடுதண்ணீர் ஊற்றிவிடுவார்கள் என்றான் ஷப்ராஸ்.

"ஓசியில குடுக்குற ஓஎஸ். ஓசின்னே வச்சிருவமா?"

"செருப்பு பிஞ்சிரும்," என்றாள் துவாரகா.

ஷப்ராஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பிச்சையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மச்சான், நீ இருக்கப்ப நாம ஏன்டா பேரு தேடுறோம்? பிச்சை! 'வெக்கப்படாம வாங்க, பிச்சை எடுங்க!'"

துவாரகா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்றபோது அவள் முகத்தில் முடிவு இருந்தது.

பிச்சைக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. நல்ல பேர் வைத்தார்கள். தொட்டில் பழகும் முன்பே இரண்டும் போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்தவனை அம்மா இராக்கம்மா லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் குப்பைமேட்டில் கிடத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியைத் தூக்கச் சொல்லி, அவளிடம் முந்தானையை ஏந்திப் பிச்சையாகத் திரும்ப வாங்கினாள். அதையே பேராக வைத்தாள்.

அப்பா ஆசைப்பட்டுத் தேடி வைத்திருந்த பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றாள். அது அப்பாவின் ஜாதக நோட்டோடு நின்றது.

"இந்தப் பேரு இருக்குற வரைக்கும் ஒன்ன யாரும் எடுக்க மாட்டாங்க. யாருக்கும் குடுத்துறாத."

சொல்வது அவளுக்குச் சுலபம். அந்தப் பேரோடு பள்ளிக்கூடம் போனது அவள் அல்ல. கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சையில் அவன் பேரைச் சொன்னதும், "சில்லறை இல்லையே தம்பி" என்று ஒருவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். வேலை கொழும்போடு நின்றுவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் அவனோடு பஸ் ஏறிப் பதுளை வரைக்கும் வந்தது.

"ஒனக்குப் புடிக்கலன்னா வேணாம்டா," என்றாள் துவாரகா.

இவ்வளவு காலம் சுமந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதை ஏன் விடுவது என்று நினைத்தான்.

"எடுத்துக்குங்க."

திரையில் காலியாக இருந்த கட்டத்தில் தன் பேரைத் தட்டினான். 'வெளியிடு' என்பதை அழுத்தினான். பேர் போய்விட்டது.

உடம்பு இலேசாக இருந்தது. கொஞ்சம் குளிரவும் செய்தது.

"ரெண்டு பிச்சை இருந்தா கொழப்பம்ல," என்றான். "எங்கப்பா எனக்கு வேற பேரு பாத்து வச்சிருந்தாரு. புவனேந்திரன். இனிமே அப்புடியே கூப்புடுங்க."

அந்தப் பேரை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

வாசலோரக் கதிரை கிறீச்சிட்டது.

"புவனேந்திரன் நீங்கதானா தம்பி?"

அந்த அம்மா எழுந்து நின்றாள். வெளியே கொட்டுகிற மழைக்கு, அவள் சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஒங்க வீட்டுக்கு முன்ன ரெண்டு தடவ வந்திருக்கேன். மூணாவது தடவயும் வந்தேன். இந்தப் பேரச் சொல்லித்தான் கேட்டேன். அப்புடி யாரும் இங்க இல்லன்னு ஒங்கம்மா சொல்லிருச்சு."

"அட, ஒங்க சொந்தமா?" என்றாள் துவாரகா. "இவ்வளவு நேரம் ஒரு வார்த்த சொல்லல பாரு. ஒரு டீயாச்சும் குடுத்திருப்பேன்ல."

இல்லை என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அதற்குள் கால்கள் தாமாக எழுந்தன.

அந்த அம்மா மடித்த துணியை உதறி விரித்தாள். தொட்டில் பிள்ளையைச் சுற்றும் அளவுக்குத்தான் இருந்தது.

"அப்ப கொண்டாந்ததுதான். சின்னதாப் போச்சு. பரவால்ல, வாங்க."

இருவரும் வெளியே போனார்கள். படிக்கட்டில் ஒருவர் இறங்கும் சத்தம்தான் கேட்டது.

"எடுக்குறாங்க!" ஷப்ராஸ் திரையைப் பார்த்துக் கத்தினான். "அதுக்குள்ள எடுக்குறாங்கடா!"

சாரல் உள்ளே அடித்தது. அவன் வந்தால் தட்டட்டும் என்று துவாரகா கதவைச் சாத்திப் பூட்டினாள்.