இரண்டாவது போப்பியா

பினாங்கு வீட்டின் சாப்பாட்டு மேசையில் மத்தியான வெயில் விழுந்து கிடக்கிறது. மூத்த மருமகள் பீ லியான் விடிந்ததிலிருந்து வதக்கிய கிழங்குத் துருவல் சட்டியில் ஆவி விடுகிறது. போன மாதம் சீனாவின் சியாமென் நகரிலிருந்து வாழ வந்த இளையவள் யூதிங், அதை மெல்லிய மாவுத்தோலில் பரப்பி, இந்த வீட்டில் யாரும் போடாத இனிப்புக் கடலைப்பொடியும் பொரித்த கடற்பாசியும் தூவிப் போப்பியாவாகச் சுருட்டி மாமியாரிடம் நீட்டுகிறாள். மாமியார் கண்ணை மூடி மெல்லுகிறார். “அடியே, என்ன ருசி! இன்னொண்ணு சுத்து.” பதினோரு வருஷத்தில் பீ லியானிடம் அவர் இன்னொன்று கேட்டதில்லை. “உள்ள இருக்கறது அக்கா செஞ்சதுதான், அத்தை,” என்கிறாள் யூதிங். அந்தப் பரிவுதான் பீ லியானுக்குப் பொறுக்கவில்லை. தனக்கும் ஒன்று சுருட்டுகிறாள். யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவிக் கடிக்கிறாள். தொண்டை வரை ருசிக்கிறது. “ரொம்பத் தித்திப்பு,” என்கிறாள்.