வால் கேள்விக்குப் பதில்

போன் ஸ்பீக்கரில் கிடந்தது. லவீனியா அதன் முன்னால் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாங்கள், குடும்பம் மொத்தமும்.

பிரிஸ்பேனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இந்த இங்கிலீஷ் பரீட்சையில் தேறினால் விமானம். தேறாவிட்டால் பழையபடி சந்தையில் மரவள்ளிக்கிழங்கு.

கேள்வி கேட்பவர் யாரோ திருமதி பிரவுன். குரலுக்கே கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தார்.

லவீனியா என் சித்தி மகள். அவளுக்கு வால் கேள்வி, அதாவது 'கொஸ்டின் டேக்', சொல்லிக் கொடுத்தே என் தொண்டை கட்டிவிட்டது. எங்கள் டோங்கா தீவுப் பேச்சில் எந்த வாக்கியமானாலும் கடைசியில் ஒரு 'இல்லையா' போட்டால் போதும். இந்த இங்கிலீஷ்காரர்களுக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் வேறு வால் வேண்டும். 'லெட்ஸ் கோ' என்றால் 'ஷல் வீ'. 'ஐ ஆம் லேட்' என்றால் 'ஆரன்ட் ஐ'. எந்த ஊர் நியாயமோ!

ஆனால் அவள் அசரவில்லை. அந்தம்மா சொல்லச் சொல்ல வாலை ஒட்டிக்கொண்டே போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில், பெரியவர்களைக் குளிப்பாட்ட உனக்குச் சம்மதம்தானே என்று கேட்டார்.

லவீனியா புருவத்தைத் தூக்கினாள்.

நானும் தூக்கினேன். அறையிலிருந்த அத்தனை புருவமும் ஏறி இறங்கின. 'ஆமாம்' என்பதற்கெல்லாம் எங்கள் ஊரில் யார் வாயைத் திறக்கிறார்கள்?

போனில் மறுபடி அதே கேள்வி. அவள் இன்னும் நன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் குரல் கொடுத்தால் பரீட்சையே போச்சு.

போன் பெருமூச்சு விட்டது. பிறகு சுத்தமான எங்கள் பேச்சில் வெடித்தது.

"அடியே, புருவத்தத் தூக்கிக்கிட்டா உக்காந்திருக்க? போன்ல எனக்கு அது தெரியுமா? வாயத் திறந்து சொல்லுடி!"

கஞ்சியெல்லாம் கரைந்து போயிருந்தது. பிரவுன் என்பது புருஷன் பெயர் போலிருக்கிறது.

லவீனியா 'யெஸ், யெஸ்' என்று அலறினாள். அந்தச் சூட்டிலேயே துணிச்சல் வந்து, தானும் ஒரு வால் கேள்வி கேட்டாள். நான் பாஸ்தானே, என்று. இங்கிலீஷில்தான். வாலும் சரியாக இருந்தது.

போனில் சத்தமே இல்லை.

இன்னும் சத்தமில்லை. லவீனியாவின் கண் நிறைந்துவிட்டது.

நான்தான் புருவத்தைத் தூக்கிக் காட்டி, அவள் முதுகில் ஒன்று வைத்தேன். "ஏண்டி அழற? அந்தம்மாவும் நம்ம ஊருதானேடி!"

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கத்தினோம்.