மகளுக்கு ஒரு வார்த்தை

ஆலயத்தை ஒட்டிய பழைய கார் கொட்டகைதான் இப்போது காபிக் கடை. லாபம் பார்க்கிற கடை இல்லை. விலைப்பலகை கிடையாது. குடித்தவர் மனசுக்குப் பட்டதைப் பெட்டியில் போடலாம், போடாமலும் போகலாம். கோப்பைகள் எல்லாம் சபையார் வீடுகளிலிருந்து வந்தவை. ஒன்றுக்கொன்று ஜோடி சேராது. வருகிறவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெரும்பாலும் தனிக்கட்டைகள்.

காபி போடுகிற அக்காவுக்கு 'காபி அக்கா' என்றே பெயராகிவிட்டது. சம்பளம் வாங்குவதில்லை. யாருக்குச் சர்க்கரை ஆகாது, யாருடைய மகன் போன் செய்வதில்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. "இந்த அக்கா ஆண்டவர் அனுப்பின ஆளு" என்று போதகர் வாய் ஓயாமல் சொல்லுவார்.

அன்று காலை அக்கா, போதகரைக் காபி மெஷினுக்குப் பின்னால் ஓரமாக அழைத்துப்போனார்.

"ஐயா, ஜன்னலோர மேசையைப் பாத்தீங்களா?"

போதகர் பார்த்தார். சமீபத்தில் இந்தப் பக்கம் குடிவந்த பெரியவர் உட்கார்ந்திருந்தார். மனைவியை இழந்தவர். எதிரே தையல்காரம்மா. அவருக்கும் கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பெரியவர் போட்டிருந்த சட்டையைக் கழற்றாமலேயே, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கைப்பட்டன் தைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. முடிச்சுப் போட்டுவிட்டுக் குனிந்து நூலைப் பல்லால் கடித்தார்.

"நல்ல சிநேகம்" என்றார் போதகர்.

"முதல்ல வணக்கம், அப்புறம் பிஸ்கட், இப்ப பட்டன். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு ரெண்டு பேரும் பேசிக்கறாங்க. பெரியவருக்குச் சொந்த வீடு இருக்கு ஐயா. விவரம் பத்தாது."

"சந்தேகப்படறது தப்பும்மா."

"சந்தேகப்படல ஐயா. அவரு மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமேன்னு பாத்தேன். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நம்ம கடையிலதானே ஆரம்பிச்சதுன்னு பேச்சு வரும்."

அந்தக் கடைசி வார்த்தை போதகருக்குச் சுருக்கென்றது. "சொல்லிடுங்க" என்றார்.

மகள் மறுநாளே வந்து இறங்கினாள். நடையிலேயே கோபம் தெரிந்தது.

"யாருங்க நீங்க? எங்கப்பாவுக்குப் பட்டன் தைக்க ஆளில்லன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

"கண்ணு, மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் பெரியவர்.

"பாக்கட்டும்பா. அம்மா பாத்துப் பாத்துக் கட்டின வீடு அது. கண்டவங்களும் ஒரு காபியக் குடிச்சுட்டு உள்ள நுழைஞ்சுடலாம்னு பாக்கறாங்க."

கடையில் பன்னைக் கடித்தவர் மெல்லாமல் அப்படியே இருந்தார். தையல்காரம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. கோப்பையைக் கீழே வைத்தார்.

"பாப்பா, உங்க வீட்டு வாசப்படி எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது. எனக்குன்னு மாடியோட ஒரு வீடு இருக்கு. ராப்பகலா மிதிச்சுத் தச்சு கட்டினது."

"வாயால யாரு வேணா சொல்லலாம்."

தையல்காரம்மா எழுந்து நின்றார். "அப்ப எழுத்துல தர்றேன். என் வீட்ட உங்கப்பா பேருக்கு எழுதி வைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாலயே. அப்பவாவது நம்புவியா?"

"ஐயையோ, அதெல்லாம் வேண்டவே வேண்டாம்" என்று பதறினார் பெரியவர். "அந்த வீட்டுல ஒரு ஆணிகூட என் பேருல இருக்கக் கூடாது."

அவர் மறுக்க மறுக்க, அந்த அம்மாவுக்கு வைராக்கியம் ஏறிக்கொண்டே போயிற்று.

மகள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். "என்ன மன்னிச்சிடுங்க. நான் உங்கள அம்மான்னு கூப்பிடலாமா?"

அதுவரை அந்த அம்மாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவரும் அழுதார். பக்கத்து மேசையும் அழுதது.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் உங்களத் தப்பா நினைச்சுட்டேன்மா. அந்தப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து நானே வந்து போடறேன்" என்றார். அன்று எல்லோருக்கும் காபி இலவசம் என்றும் அறிவித்தார். மற்ற நாட்களிலும் ஏறக்குறைய இலவசம்தான் என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

சொன்னபடியே கையெழுத்தும் போட்டார்.

பத்திரப் பதிவு முடிந்த மறுநாள் தையல்காரம்மா கேக்கோடு கடைக்கு வந்தார். முதல் துண்டு காபி அக்காவுக்கு.

"நீங்க மட்டும் அன்னிக்கு மகளக் கூப்பிடலன்னா, இதெல்லாம் நடந்திருக்குமா அக்கா?"

"நடந்திருக்காதும்மா" என்றார் அக்கா. "எங்க பெரியவரக் காணோம்?"

"மகளோட ஊருக்குப் போயிருக்காரு. சொந்தக்காரங்களுக்கெல்லாம் கல்யாணம் சொல்லணுமாம். போன்தான் கிடைக்க மாட்டேங்குது. அங்க டவர் இல்ல போலிருக்கு."

போதகரும் ஒரு நல்ல சேதி வைத்திருந்தார். பக்கத்து ஊர்ச் சபையிலும் இதே மாதிரி ஒரு கடை திறக்கிறார்களாம். பொறுப்பான ஆளாக ஒருவர் வேண்டுமென்று கேட்டார்களாம். "மனசே இல்ல, ஆனாலும் உங்களத்தான் சொல்லிட்டேன்" என்றார். அக்கா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே கண்மூடி ஸ்தோத்திரம் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு, ஜோடி சேராத கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அடுத்த ஊருக்கு அப்பாவ மட்டும் மாத்திடுங்க," என்றார் காபி அக்கா, "மகள் இவளே இருக்கட்டும், அழும்போது மூக்கு நல்லா சிவக்குது."