மனோகர் என்கிற மக்கு

"அந்தக் கோமளத்துக்குக் கொஞ்சமாவது இங்கிதம் வேண்டாமா? மருமகள் ஆபீஸ்லேர்ந்து வந்து செருப்பைக்கூடக் கழட்டலை, 'குக்கர் நான் வைக்கட்டுமா, நீ வைக்கறயா'ன்னு வாசல்லயே நின்னுண்டு கேக்கறா!" என்று சொல்லிக்கொண்டே ஸ்ம்ருதி கணவன் ஷ்ரவணின் தட்டில் சப்பாத்தியைப் போட்டாள்.

"கேக்காம வெச்சா மட்டும்? பார்கவி 'உப்பு ஜாஸ்தி'ம்பா. வைக்கலைன்னா, உட்கார்ந்து சாப்பிடறாங்கற பேச்சு. பாவம், கோமளம் எந்தப் பக்கம்தான் போவா?" என்றாள் அவனுடைய அம்மா வைதேஹி.

ஷ்ரவணுக்குச் சிரிப்பு வந்தது. டெல்லி துவாரகா ஃப்ளாட்டில் தினமும் சாப்பாட்டு மேஜையில் நடக்கிற கச்சேரி இது. குர்காவ்னிலிருந்து மெட்ரோவில் அவன் வந்து சேர்வதற்குள் ஏழரை மணி சீரியல் முடிந்து டிவி அணைந்திருக்கும். அதில் ஒரு காட்சியைக்கூட அவன் பார்த்ததில்லை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவான், ஆனால் எதையும் போட்டு உடைத்தாற்போல் சொன்னால்தான் மண்டையில் ஏறும். இருந்தாலும் இந்த இருவர் புண்ணியத்தில் மாமியார் கோமளமும், மருமகள் பார்கவியும், நடுவில் முழிக்கிற பிள்ளை மனோகரும் அவனுக்கு அத்துப்படி.

ஆபீஸில் இதைச் சொல்லியே பீற்றிக்கொள்வான். "எல்லார் வீட்லயும் மாமியார், மருமகள் சண்டை. எங்க வீட்ல பாருடா, ரெண்டு பேரும் ஜோடியா உட்கார்ந்து சீரியல் பாக்கறா!"

"கோமளத்துக்குத்தான் சொந்தமா ஒரு வீடு இருக்கே," என்றாள் ஸ்ம்ருதி, பருப்பைக் கிளறியபடி. "அங்கே போய் ராஜாத்தி மாதிரி இருக்கலாமே. பார்கவிக்கும் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்."

"அவளும் அதைத்தான் நினைச்சிண்டு இருக்கா. யாருக்கு ஆசை, இங்கே இன்னொருத்தி அடுப்படியில கையைப் பிசைஞ்சிண்டு நிக்கணும்னு? பிள்ளை வாயைத் திறந்து 'போயிட்டு வாம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லணுமே. தானா கிளம்பினா, மருமகளோட சண்டை போட்டுண்டு போயிட்டான்னு ஊர் சொல்லும்."

"மனோகர் எங்கே சொல்லப் போறான்? அவனுக்குத்தான் எல்லாரும் சந்தோஷமா இருக்கான்னு நினைப்பு."

"ஆனா ஒண்ணு," அம்மா ஷ்ரவணை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த வீட்டை மட்டும் அவன் வித்துடக் கூடாது. வித்தான்னா, அவளுக்குன்னு கோச்சிண்டு போகக்கூட ஒரு வாசல் இல்லாம போயிடும்."

"அச்சா, இவ்வளவு நடக்கறது, அந்த மனோகருக்கு ஒண்ணுமே தெரியலையா?" ஷ்ரவண் சிரித்தான். "சரியான மக்கும்மா அவன்!"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு ஒற்றுமை என்று அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் திருச்சியிலிருந்து மாமா வெங்கடராமன் ஃபோன் செய்தார்.

"முடிஞ்சுதுடா ஷ்ரவண். ரிஜிஸ்ட்ரேஷன் ஆயிடுத்து. சாவியையும் கொடுத்தாச்சு."

தில்லைநகரில் அப்பா ரிடையரான பணத்தில் வாங்கிய ஃப்ளாட். அப்பா போன பிறகு அங்கே தனியாக இருந்த அம்மாவை, "இனிமே எங்களோடதான்" என்று போன வருஷம் இவன்தான் அழைத்து வந்தான். பூட்டிக் கிடக்கிற வீடு எதற்கு, விற்றுவிடலாமா என்று கேட்டபோது அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "உனக்கு எது சரியோ பண்ணுப்பா" என்று மாமா பேருக்குப் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஷ்ரவண் அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பி, ஒரு டப்பா காஜு கத்லியோடு வந்தான். ஸ்ம்ருதி அடுக்களையில் இருந்தாள். அம்மா தன் அறையில் இருந்தாள். ஹாலில் யாருமில்லை, டிவி ஓடவில்லை.

"ரெண்டு பேரும் ஜல்தி வாங்கோ! அம்மா, திருச்சி ஃப்ளாட் வித்தாச்சு! இனிமே உனக்கு அந்தக் கவலையே இல்லை."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்ம்ருதியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று அந்தப் புத்திசாலி நினைத்துக்கொண்டான்.

"மணி ஏழரை ஆச்சே, சீரியல் பாக்கலையா? இன்னிக்கு நானும் பாக்கறேன்." சோபாவில் சாய்ந்து ரிமோட்டை அழுத்தினான். திரையில் யாரோ இரண்டு பேர் கேசரி கிண்டிக் கொண்டிருந்தார்கள். "கோமளம் எங்கே? மனோகர் என்னதான் பண்ணினான்?"

"வீட்டை வித்துட்டான்," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னது, இன்னிக்கேவா? இப்போதானே ஆரம்பிக்கற டைம்?"

ஸ்ம்ருதி அவன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தாள்.

"அந்த சீரியல் தீபாவளிக்கே முடிஞ்சுடுத்து, ஷ்ரவண்."